புரிந்தது என்று தலையசைத்த பிள்ளைகள்

மின்சுற்றுப் பாடத்தை நான் நடத்தும் விதம் குறித்து ஒரு காலத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையே இருந்தது. ஏழாம் வகுப்பில் மின்கலம், கம்பி, சிறு பல்பு மூன்றையும் மேசையில் வைத்து, மின்னோட்டம் ஒரு முனையில் புறப்பட்டு மறுமுனைக்கு வந்து சேரும் பாதையைக் கரும்பலகையில் வண்ணச் சுண்ணக்கட்டியால் வரைந்து, ஒவ்வொரு படியிலும் நிறுத்திப் "புரிகிறதா?" என்று கேட்பேன், வகுப்பே தலையசைக்கும். அந்த வாரத் தேர்வில் மதிப்பெண்களும் நன்றாகவே வரும். ஒரு முறை, பாடம் முடிந்து ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, ஒரு மின்கலம், ஒரு பல்பு, ஒரே ஒரு கம்பி ஆகியவற்றைக் கையில் கொடுத்துப் பல்பை எரிய வைக்கச் சொன்னேன். பாதிக்கு மேற்பட்டோர் கம்பியின் ஒரு நுனியை மின்கலத்திலும் மறு நுனியைப் பல்பின் அடியிலும் வைத்துவிட்டு, ஏன் எரியவில்லை என்று என் முகத்தைப் பார்த்தார்கள். பாதை மூடியிருக்க வேண்டும், பல்புக்கு இரண்டு தொடுமுனைகள் உண்டு என்பவையெல்லாம் அவர்களுடைய நோட்டில் அழகான கையெழுத்தில் இருந்தன.

முதலில் பிள்ளைகள் மீதுதான் கோபம் வந்தது. பிறகுதான், இத்தனை ஆண்டுகளாக நான் அளந்துவந்தது என் விளக்கத்தின் தெளிவையே தவிர, அவர்கள் தலைக்குள் எது தங்கியது என்பதை அல்ல என்று உறைத்தது. ஒன்றை நன்றாக விளக்கக் கேட்கும்போது மனத்தில் எழும் 'புரிந்துவிட்டது' என்ற உணர்வுக்கும், அதைப் பின்னொரு நாள் தானாக எடுத்துப் பயன்படுத்தும் திறனுக்கும் இடையே உள்ள தூரத்தை, மனம் கற்பதையும் நினைவில் வைப்பதையும் ஆராயும் அறிதிறன் அறிவியல் பல பத்தாண்டுகளாக அளந்து வைத்திருக்கிறது. அந்த அளவுகளைப் படித்து, எனது நடுநிலை வகுப்புகளில் எவற்றை மாற்றினேன், எங்கே சறுக்கினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மறதி வளைகோட்டை ஆசிரியப் பயிற்சியில் எல்லோரும் படித்திருப்போம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885-இல் அந்த முடிவுகளை வெளியிட்டார்: மறதி முதலில் வேகமாகவும் பின்னர் மெல்லவும் நடக்கிறது, ஒரே மூச்சில் படிப்பதைக் காட்டிலும் இடைவெளி விட்டுப் படிப்பது நிலைக்கிறது. இதைப் பத்து மதிப்பெண் வினாவாக எழுதித் தேறிய நானே, வகுப்பறைக்குள் நுழைந்தபின் மறந்துபோனேன் என்பது அவர் கண்டறிந்ததற்கு நல்ல சான்று.

நான் உண்மையில் நிமிர்ந்து உட்கார்ந்தது, ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையைப் படித்தபோதுதான். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு சிறு உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் அதை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு முறை படித்துவிட்டு, பகுதியைப் பார்க்காமல் நினைவுக்கு வந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள்: 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தவர்கள் 42 சதவீதமும், நினைவிலிருந்து எழுதியவர்கள் 56 சதவீதமும் நினைவுகூர்ந்தார்கள். பாடம் முடிந்த கையோடு தேர்வு வைத்து மகிழ்ந்துகொண்டிருந்த எனக்கு, அந்த ஐந்தாவது நிமிட எண்ணைத்தான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன் என்பது விளங்கிற்று.

கல்லூரி மாணவர்களுக்குச் சரி, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுவது நியாயமே. மார்க் மெக்டேனியல், பூஜா அகர்வால் முதலியோர் அமெரிக்காவில் ஒரு நடுநிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு அறிவியல் பாடத்திலேயே இதைச் செய்து பார்த்து 2011-இல் வெளியிட்டார்கள். ஒரே ஆசிரியர், ஒரே பாடம், அதே பிள்ளைகள். சில செய்திகளுக்கு மட்டும் மதிப்பெண் சுமை இல்லாத சிறு வினாக்கள் இடையிடையே கேட்கப்பட்டன. அலகுத் தேர்வில் அப்படிக் கேட்கப்பட்ட செய்திகளில் 92 சதவீதமும், கேட்கப்படாதவற்றில் 79 சதவீதமும் பெற்றார்கள். ஒரே பிள்ளையின் தலைக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டாகிறது என்பதால், 'நல்ல பேட்ச், மோசமான பேட்ச்' என்ற வழக்கமான சாக்குக்கு இடமில்லை.

ஆகவே வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தை மாற்றினேன். நான் உள்ளே நுழையும்போது கரும்பலகையில் நான்கு வினாக்கள் இருக்கும்: ஒன்று நேற்றைய பாடத்திலிருந்து, ஒன்று சென்ற வாரத்திலிருந்து, இரண்டு ஒரு மாதத்துக்கும் முந்தையவை. புத்தகமும் நோட்டும் மூடியிருக்க வேண்டும். ஒரு துண்டுத் தாளில் எல்லோரும் எழுத வேண்டும். பிறகு விடையைப் பேசி, அவரவர் தாளை அவரவரே திருத்திக்கொள்ள வேண்டும். மதிப்பெண் பதிவேட்டில் எதுவும் ஏறாது. முன்பெல்லாம் நான் வாய்மொழியாகக் கேட்கும் வினாக்களுக்கு அதே மூன்று கைகள்தாம் உயரும். மற்ற முப்பது பேர் அந்த மூவரின் விடையைக் கேட்டுத் தலையசைப்பார்கள். துண்டுத் தாளில் எழுதச் சொன்ன பிறகு, யாரும் இன்னொருவர் நினைவின் முதுகில் சவாரி செய்ய முடியவில்லை.

முதல் இரண்டு வாரம் பரிதாபமாக இருந்தது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. பழைய பாட வினாக்களுக்குப் பலரிடம் வெற்றுத் தாள்தான். சிலர் முகம் வாடியது. சிலர் அடுத்த பெஞ்சை எட்டிப் பார்த்தார்கள். மதிப்பெண் இல்லை என்று நான் சொன்னதை அவர்கள் நம்பவே இரண்டு வாரம் ஆயிற்று. மூன்றாம் வாரத்தில் ஒருவன், "இதைப் போன மாதம் நல்லாத் தெரியும், இப்ப வரமாட்டேங்குது" என்று முனகியது காதில் விழுந்தபோது எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. தெரிவது வேறு, வருவது வேறு என்பதை நான் சொல்லாமலே அவன் கண்டுபிடித்துவிட்டான்.

ஆனால் நினைவில் நிறுத்துவது மட்டும் அறிவியல் கற்பித்தல் ஆகிவிடாது. வரலாற்றுத் தேதியை மறந்த பிள்ளையின் மனத்தில் அந்த இடம் காலியாக இருக்கும். வெப்பத்தைப் பற்றிய பாடத்தை மறந்த பிள்ளையின் மனத்தில் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. பள்ளிக்கு வருமுன்பே அங்கே ஒரு கருத்து குடியிருக்கிறது. நாம் நடத்துவது அதன் மீது பூசிய வெள்ளையடிப்பாக ஒட்டிக்கொண்டு, சில வாரங்களில் உதிர்ந்துவிடுகிறது.

இதற்கு எடுத்துக்காட்டாக, கம்பளியைக் கொண்டு நடத்திய ஒரு பாடத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றை மேசையில் சும்மா வைத்து, மற்றதைத் தடித்த கம்பளித் துணியில் சுற்றி வைத்தேன். அரைமணி நேரம் கழித்து எது அதிகம் காட்டும் என்பதைக் காரணத்துடன் எழுதச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோரும் கம்பளிக்குள் இருப்பதுதான் என்று எழுதினார்கள். கம்பளி சூடு தரும் பொருள் என்பது அவர்களுக்கு ஐயத்துக்கு அப்பாற்பட்ட செய்தி. பிரித்துப் பார்த்தால் இரண்டிலும் 28 டிகிரி. வகுப்பு கொஞ்சமும் அசையவில்லை. "துணிக்குள் காற்று போயிருக்கும்" என்றாள் ஒருத்தி. "இன்னும் நேரம் வேணும்" என்றான் இன்னொருவன். சரி என்று இறுக்கிச் சுற்றி, இரவு முழுக்க வைத்திருந்து மறுநாள் காலையில் பிரித்தோம். மீண்டும் இரண்டும் ஒன்றே. இப்போது வெப்பமானி பழுது என்றார்கள். பழைய கருத்தைக் காப்பாற்ற ஒரு பத்து வயதுப் பிள்ளை இவ்வளவு வாதம் அடுக்கும் என்பதை, நேராக வரையறையைச் சொல்லிக்கொடுத்த ஆண்டுகளில் நான் பார்த்ததே இல்லை. கேட்டிருந்தால்தானே தெரியும்?

அடுத்து இரண்டு பனிக்கட்டித் துண்டுகள். ஒன்று தட்டில், மற்றது அதே கம்பளிக்குள். எது முதலில் உருகும்? கம்பளிக்குள் இருப்பது என்று பெரும்பாலோர் கை தூக்கினார்கள். தட்டிலிருந்தது நீராக ஓடிய பிறகும் கம்பளிக்குள் பாதிக்கட்டி அப்படியே இருந்ததைக் கண்டதும் வகுப்பில் ஓர் அமைதி நிலவியது. பிறகு பின்வரிசையிலிருந்து, "அப்ப கம்பளி குளிர வைக்குதா?" என்று ஒரு குரல். அந்த வினாவுக்காகத்தான் இரண்டு நாள் காத்திருந்தேன். சூடாக்கவும் இல்லை, குளிர்விக்கவும் இல்லை. வெப்பம் கடப்பதை, எந்தத் திசையிலானாலும், மெதுவாக்குகிறது என்ற விளக்கத்துக்கு அந்த நிமிடத்தில் ஒரு தேவை பிறந்திருந்தது. இருக்கும் கருத்து போதவில்லை என்ற அதிருப்தி முதலில் எழ வேண்டும். அதற்குப் பின் வரும் புதிய கருத்து விளங்கக்கூடியதாகவும், நம்பத் தகுந்ததாகவும், வேறு இடங்களிலும் பயன்தருவதாகவும் இருக்க வேண்டும் என்று போஸ்னரும் உடன் ஆய்வாளர்களும் 1982-இல் எழுதியது இதைத்தான். வரையறையை முதலிலேயே பலகையில் எழுதிவிட்டால் அந்த அதிருப்தி எழவே வழியில்லை.

அதற்குப் பிறகும் பழைய கருத்து செத்துவிடுவதில்லை. ஆண்ட்ரூ ஷ்டுல்மன், ஜோஷுவா வால்கார்செல் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு படித்த பெரியவர்களிடம் அறிவியல் கூற்றுகளைக் காட்டிச் சரியா தவறா என்று கேட்டார்கள். சிறு வயது உள்ளுணர்வோடு மோதும் கூற்றுகளுக்குச் சரியாக விடை சொன்னவர்கள்கூடச் சற்றுக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். பழையது அழிக்கப்படவில்லை, அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பது அதன் பொருள். கம்பளிப் பாடம் முடிந்து மூன்று மாதம் கழித்துத் துண்டுத் தாளில் மீண்டும் அந்த வினாவைக் கேட்டபோது ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "கம்பளி சூடாக்காது. ஆனால் போர்த்தினால் சூடாக்குவது போலத்தான் இருக்கிறது." இதைவிட நேர்மையான விடையை நான் திருத்தியதில்லை. உள்ளுணர்வையும் அறிவையும் தனித்தனியாக வைத்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது. இனி அவ்வப்போது நினைவூட்டினால் போதும். பருவகாலங்களுக்குக் காரணம் சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தூரம் என்று ஹார்வர்டு பட்டமளிப்பு விழாவில் அங்கிபோட்ட பட்டதாரிகளே சொன்னதை 1987-இல் ஓர் ஆவணப்படம் பதிவு செய்திருக்கிறது. பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி மாதத் தொடக்கத்தில்; வட அரைக்கோளத்தில் அது நடுக்குளிர்காலம். உண்மைக் காரணமான 23.5 டிகிரி அச்சுச் சாய்வைப் பள்ளியில் படிக்காமலா அவர்கள் அங்கே வந்திருப்பார்கள்?

செயல்நினைவின் குறுகிய இடம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் மனம் கையாளக்கூடிய புதிய செய்திகள் ஏழு, இரண்டு கூடவோ குறையவோ என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். நெல்சன் கோவன் 2001-இல் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார். எங்கள் பாடநூல் ஒன்றில் இதயத்தின் படம் இருந்தது. பகுதிகளில் 1 முதல் 12 வரை எண்கள். பெயர்கள் எதிர்ப்பக்கத்தில் பட்டியலாக. ஒரு பிள்ளையின் கண்ணைக் கவனித்தேன்: 7 என்பதைப் படத்தில் பார்க்கிறாள், எதிர்ப்பக்கத்துக்குப் போகிறாள், 'நுரையீரல் தமனி' என்று படிக்கிறாள், திரும்பி வருகிறாள், எந்த எண் என்பதை மறந்துவிடுகிறாள். இரத்தம் எந்த வழியாக எங்கே போகிறது என்று சிந்திப்பதற்கு இருக்கும் சொற்ப இடம் முழுவதும் பக்கம் தாண்டுவதிலேயே செலவாகிறது. அன்று மாலை படத்தைத் திரும்ப வரைந்து, பெயர்களை அந்தந்தப் பகுதியின் மீதே எழுதிப் படியெடுத்துக் கொடுத்தேன். ஜான் ஸ்வெல்லர் முதலியோர் இதைக் கவனப் பிளவு விளைவு என்ற வகையில் விளக்கியிருக்கிறார்கள். எனக்கோ ஒரு பென்சிலும் அரைமணி நேரமும்தான் செலவு.

இது நமக்கு ஏன் கண்ணில் படுவதில்லை என்றால், இதயப் படத்தைப் பார்க்கும் ஆசிரியருக்கு அது பன்னிரண்டு துண்டுகள் அல்ல, ஒரே சுற்று. மிஷெலின் சீயும் உடன் ஆய்வாளர்களும் 1981-இல் இயற்பியல் கணக்குகளை வகைப்படுத்தச் சொன்னபோது, புதிதாகக் கற்றவர்கள் சாய்தளக் கணக்குகள், சுருள்வில் கணக்குகள் என்று கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் பிரித்தார்கள். துறை வல்லுநர்கள் ஆற்றல் அழியாமை போன்ற அடிப்படை விதிகளை வைத்துப் பிரித்தார்கள். ஆசிரியர் வல்லுநராக இருப்பதே அவருக்கு ஒரு தடையாகிறது. தான் ஒருகாலத்தில் திணறியதே அவருக்கு நினைவில்லை. அதே சீ 1994-இல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இரத்த ஓட்டம் பற்றிய பாடப்பகுதியைக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் தமக்குத்தாமே விளக்கிச் சொல்லிக்கொண்டு படிக்கவைத்தார். வெறுமனே இருமுறை படித்தவர்களைவிட இவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதனால் இப்போது படத்தைக் கொடுத்த பின் நான் வாயை மூடிக்கொள்கிறேன். கால்விரலிலிருந்து கிளம்பும் ஒரு துளி இரத்தம் மீண்டும் அங்கே திரும்பும் வரை நடப்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டியது பிள்ளைகளின் வேலை. நுரையீரலை விட்டுவிட்டுக் கதையை முடிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அங்கேதான் எனக்கு வேலை.

கவர்ச்சிக்காகச் செய்தவற்றையும் கொஞ்சம் களைய வேண்டியிருந்தது. சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றிக் களிமண் எரிமலை பொங்கவைக்கும் செய்முறையை நான் மிகவும் விரும்பிச் செய்வேன். ஒரு மாதம் கழித்து, "அன்று என்ன நடந்தது?" என்று எழுதச் சொன்னால் நுரை பொங்கியதையும் மேசைவிரிப்பு பாழானதையும் எல்லோரும் எழுதினார்கள், கார்பன் டை ஆக்சைடு என்ற சொல்லை எழுதியவர்கள் இருவர். பிள்ளைகள் எதைப் பற்றிச் சிந்தித்தார்களோ அதுதானே தங்கும். அவர்கள் சிந்தித்தது எரிமலையைப் பற்றி. ஷானன் ஹார்ப், ரிச்சர்ட் மேயர் இருவரும் 1998-இல் மின்னல் உருவாவதை விளக்கும் பாடப்பகுதியில் மின்னல் தாக்கியவர்களைப் பற்றிய சுவையான செய்திகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் முக்கியக் காரணத் தொடர் மாணவர் நினைவில் குறைவாகவே நின்றது. இப்போது களிமண் இல்லை. சோடாவும் வினிகரும் ஒரு புட்டிக்குள், அதன் வாயில் பலூன். பலூன் ஊதும்போது எழும் ஒரே வினா, உள்ளே வந்தது என்ன என்பதுதான்.

பல வகைக் கணக்குகளைக் கலந்து கொடுப்பதில்தான் எனக்கு அதிக எதிர்ப்பு வந்தது. வேகக் கணக்கு பத்து, பிறகு அடர்த்திக் கணக்கு பத்து, பிறகு அழுத்தக் கணக்கு பத்து என்று கொடுத்தால் பிள்ளைகள் மூன்றாவது கணக்கிலிருந்து வினாவைப் படிப்பதையே விட்டுவிடுகிறார்கள். இரண்டு எண்களை எடுத்து வகுத்தால் விடை வந்துவிடுகிறது. டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட சோதனையில் கன உருவங்களின் கனஅளவு காணும் கணக்குகளை வகைவாரியாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து பயின்றவர்கள் 60 தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. இந்த எண்களை ஆசிரியர் அறையில் சொன்னபோது சக ஆசிரியர் ஒருவர், "அந்த ஒரு வாரத்துக்குள் பெற்றோர் வந்து என் சட்டையைப் பிடிப்பார்களே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வீட்டுப்பாடத் தாளில் சிவப்புக் கோடு கூடினால் கற்றல் குறைந்ததாகவே வீட்டில் எடுத்துக்கொள்வார்கள். எனவே ஒவ்வொரு வகையையும் முதலில் நான்கைந்து கணக்குகள் தனியாகச் செய்யவைத்து, அவற்றிலும் முதலிரண்டை முழுத் தீர்வோடு கொடுத்து, அடுத்ததைப் பாதித் தீர்வோடு கொடுத்து, பிறகே கலக்கிறேன். படித்ததை மீண்டும் கேட்பதற்கு இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்பதற்கு எல்லா நேரத்துக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. நினைவு எவ்வளவு காலத்துக்குத் தேவையோ அதற்கேற்ப இடைவெளியும் நீள வேண்டும் என்பதுதான் ஆய்வுகள் காட்டுவது.

பயிற்சி முகாம்களில் இன்னும் ஓயாத 'பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர்' என்ற பிரிவினையை நான் கைவிட்டுவிட்டேன். பிள்ளைகளை அப்படி வகைப்படுத்தி அதற்கேற்பக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று ஹரோல்ட் பாஷ்லர் முதலியோர் 2008-இலேயே எழுதிவிட்டார்கள். இலையின் துளையை எல்லோரும் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். நோட்ஸ் சொல்லி எழுதவைப்பதை நிறுத்தினேன். வாரத்துக்கு ஒரு பாடவேளை அளவு மிச்சமாயிற்று. ஆண்டிறுதியில் இரண்டு சிறு அலகுகளை மேலோட்டமாகத்தான் நடத்த முடிந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்னும் எனக்குப் பிடிபடாத ஒன்று உண்டு. நினைவிலிருந்து எடுக்கச் சொல்வது, உள்ளே ஏதாவது இருப்பவருக்குத்தான் உதவும். என் வகுப்பில் ஒரு பிள்ளை மாதக்கணக்கில் வெற்றுத் தாளையே மடித்துவைத்தாள். ஐந்து நிமிட வினாக்கள் அவளுக்குத் தன் இயலாமையை நாள்தோறும் நினைவூட்டும் சடங்காகிவிட்டன. அவளுக்கும் இன்னும் சிலருக்கும் இப்போது வினாக்களுக்குப் பதிலாகப் பாதி நிரப்பிய படம் ஒன்றைத் தருகிறேன். வாய் முதல் பெருங்குடல் வரை செரிமானப் பாதை, பெட்டிகளில் சில காலியாக. நேற்றைய தாளில் இரண்டு பெட்டிகளை நிரப்பியிருந்தாள், அவற்றில் ஒன்று தவறு. மூன்றாவதில் 'சிறுகுடல்' என்று எழுதி, அழுத்தமாக அடித்திருந்தாள். அதுதான் சரியான விடை. ஏன் அடித்தாய் என்று நாளை அவளிடம் கேட்க வேண்டும்.